இரை எடுக்காத கடல் மீன்: வன்னியில் பவளத்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு

கொழும்பிலிருந்து வந்து இறங்கிய கடல் மீன் இரண்டு நாள் எதையும் தொடாவிட்டால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடுவது. மீன் தொடாத இரை கல்லிடுக்கில் கிடந்து அழுகுகிறது, அமோனியா ஏறுகிறது, மீனுக்கு இருந்த கொஞ்சப் பசியும் போய்விடுகிறது. ஐந்தாம் நாள் அது மூலையில் நின்று செவுளை அடித்துக்கொண்டிருக்கும். அடம் பிடிக்கிற மீன் என்று அதற்குப் பெயர் வைத்துவிடுகிறோம். மீன் அடம் பிடிப்பதில்லை. பாறையில் அது தின்று வளர்ந்தது துள்ளுகிற, நெளிகிற, கல்லோடு ஒட்டிக்கிடக்கிற உயிர்களை. தண்ணீரில் மிதந்து வரும் சிவப்புத் துணுக்கும் இரைதான் என்று அதற்குத் தெரியாது. அதை நாம்தான் பழக்க வேண்டும். அதற்கு நமக்குள்ள அவகாசம் மீனின் முதுகில் மிஞ்சியிருக்கும் சதை அளவுதான்.

அந்தச் சதையைப் பார்க்கப் பழகுங்கள். மீன் உங்களை நேருக்கு நேர் பார்த்து நிற்கும்போது கவனியுங்கள். வயிறு உள்ளே ஒட்டியிருந்தால் சில நாள் பட்டினி. இரை கிடைத்தால் தேறிவிடும். கண்ணுக்கு மேலே, தலைக்குப் பின்னால் உள்ள பிடரி கத்தி முதுகுபோல் மெலிந்திருந்தால் அது தன் தசையையே கரைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் உள்ள மீனை விலை குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள். வாய் திறந்தாலும் பெரும்பாலும் மீளாது.

வவுனியா, கிளிநொச்சிக் கடைகளில் பெரும்பாலும் நன்னீர் மீன்தான். கடல் மீன் சொல்லி வைத்துத்தான் வருகிறது, ஆகவே நேரில் பார்த்து வாங்க வழியில்லை. காசு அனுப்ப முன் இரண்டு விஷயம் கேளுங்கள். மீன் அந்தக் கடைக்கு வந்து எத்தனை நாள்? ஒரு வாரத்துக்குக் குறைவென்றால் இன்னும் ஒரு வாரம் அங்கேயே இருக்கட்டும். அது இரை எடுக்கும் காணொளி ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா? காணொளியில் மீன் இரையை வாயில் எடுப்பதை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். எடுத்ததை விழுங்குகிறதா, துப்புகிறதா என்று பாருங்கள். துப்பிக்கொண்டே இருக்கும் மீன் இன்னும் சாப்பிடத் தொடங்கவில்லை. கடைத் தண்ணீரின் உப்பு அளவையும் கேட்டு எழுதி வையுங்கள். பல கடைகள் ஒப்படர்த்தி 1.018 முதல் 1.020 வரைதான் வைத்திருக்கும். உங்கள் பவளத்தொட்டி 1.025.

கொழும்பிலிருந்து வவுனியா 250 கிலோமீற்றர் அளவு, கிளிநொச்சி 300க்கும் மேல். அனுப்புமுன் கடையிலும் ஒன்றிரண்டு நாள் இரை நிறுத்தியிருப்பார்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஒட்சிசன், றெஜிபோம் பெட்டி, இரவுப் பயணம். இவ்வளவும் சரியாக இருந்தாலும் பைக்குள் மீனின் கழிவால் அமோனியா சேர்ந்திருக்கும். மீன் விட்ட காபனீரொட்சைட்டால் பைத் தண்ணீரின் பிஎச் இறங்கியிருப்பதால் அந்த அமோனியா அவ்வளவாக நஞ்சாக இராது. பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு வெளியேறும், பிஎச் ஏறும், அதே அமோனியா சில நிமிடங்களில் செவுளைச் சுடும். ஆகவே திறந்த பைக்குள் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் பழக்கத்தைக் கைவிடுங்கள். மூடிய பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். தனித் தொட்டியின் (புதிய மீனை முதலில் தனியே வைத்துப் பழக்கும் சிறு தொட்டி) உப்பு அளவைக் கடை அளவுக்கு முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் பையைத் திறந்த கையோடு மீனை எடுத்து விட்டுவிடலாம். பிறகு நாளுக்கு 0.001 அல்லது 0.002 வீதம் ஏற்றுங்கள். செவுள் சுடுபட்ட மீன் பல நாள் இரையைத் திரும்பியும் பாராது. பல பட்டினிகள் தொடங்குவது இந்த அரை மணி நேரத்தில்தான்.

தனித் தொட்டி 60 முதல் 80 லீற்றர் போதும். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், ஏற்கனவே பழகிய ஸ்பொஞ் வடிகட்டி, மூடி. முதல் 24 மணி நேரம் விளக்குப் போடாதீர்கள். வெண்புள்ளி (மீனின் உடலில் உப்புக் கல்போல் புள்ளி போடும் ஒட்டுண்ணி நோய்) கண்ணுக்குத் தெரியாதவரை செப்பு மருந்தும் வேண்டாம். செப்பு பசியை அடக்கும். முதலில் இரை எடுக்கட்டும், மருந்து பிறகு. மாண்டரின், லெப்பர்ட் றாஸ் என்ற இரண்டு மீனும் தனித் தொட்டிக்கு விதிவிலக்கு. அவை வெறும் தொட்டியில் பட்டினி கிடந்தே போகும். மாண்டரினின் தோலில் தடித்த சளி இருப்பதால் வெண்புள்ளி அதை அவ்வளவாகப் பிடிப்பதுமில்லை.

முதல் இரை உயிருள்ளதாக இருக்க வேண்டும். அசைவுதான் மீனின் வாயைத் திறக்கிறது. வீட்டிலேயே செய்யக்கூடியது ஆர்டீமியாக் குஞ்சு (உப்பு நீரில் வாழும் சிறு இறால் போன்ற உயிரின் குஞ்சு, முட்டை தகரத்தில் வரும்). 1.5 லீற்றர் சோடாப் போத்தலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். ஒரு லீற்றர் தண்ணீர், 25 கிராம் உப்பு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா, ஒரு கிராம் முட்டை. காற்றுக் குழாய் போத்தலின் கழுத்து வரை போய் முட்டைகளைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் படிந்த முட்டை பொரிக்காது. பக்கத்தில் ஒரு மின்குமிழ். 26 முதல் 28 பாகை வெப்பம் வேண்டும். நம் ஊரில் ஹீற்றர் தேவையில்லை, வெயில் படாத இடம்தான் தேவை. 24 மணி நேரத்தில் தண்ணீர் செம்மஞ்சளாகும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் கோது மேலே மிதக்கும், குஞ்சுகள் கீழே வெளிச்சத்தடியில் கூடும். குழாயால் உறிஞ்சி, நெருக்கமான துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். கோது சேர்ந்து போனால் சிறு மீனின் குடலை அடைக்கும்.

பொரித்த குஞ்சின் சத்து அதன் மஞ்சட்கருவில்தான் இருக்கிறது, மணிக்கு மணி அது கரைகிறது. அன்றே கொடுத்துவிடுங்கள். மறுநாள் வரை வைத்தால் அதற்கு வாய் திறந்திருக்கும். பாசித் திரவமோ கொழுப்பமிலக் கரைசலோ ஊட்டிய பிறகுதான் மீனுக்குப் போட வேண்டும். வளர்ந்த ஆர்டீமியாவும் இப்படித்தான், ஊட்டாமல் போட்டால் பெரும்பாலும் தண்ணீர். பட்டினி மீனின் வாயைத் திறக்க நல்லது, அதையே உணவாக வைத்து மீனை வளர்க்க முடியாது. மாரியில் ஈரம் பட்டால் முட்டைத் தகரம் கெட்டுவிடும். காற்றுப் புகாத சாடியில் பிறிஜ்ஜுக்குள் வையுங்கள்.

கொப்பர்பாண்ட் வண்ணத்துப்பூச்சி மீனுக்கு வருவோம். பலர் ஆசைப்பட்டு வாங்கி, பலரிடம் பட்டினியில் போவது இதுதான். அந்த நீண்ட மூக்கைப் பார்த்தாலே அது என்ன வேலைக்கென்று தெரியும்: கல் வெடிப்புக்குள் விட்டுப் புழுவை உருவ. நடுத் தண்ணீரில் மிதக்கும் இரையைத் துரத்திப் பிடிக்கிற வாய் அது இல்லை. ஆகவே இரையை ஒரு வெடிப்புக்குள் வையுங்கள். அதற்கு நம் களப்புகளில் கிடைக்கும் மட்டியை விட நல்லது எதுவுமில்லை.

மூன்று நான்கு சென்ரிமீற்றர் உள்ள உயிர் மட்டி ஐந்தாறு எடுத்து, சுத்தமான உப்புத் தண்ணீரில் ஓரிரவு விட்டு மண்ணைக் கக்க விடுங்கள். சிறு கத்தியின் நுனியை விளிம்பில் கொடுத்து ஒட்டுத்தசையை ஒரு பக்கம் மட்டும் அறுங்கள். முழுவதும் பிரிக்க வேண்டாம். இரண்டு ஓடுக்கும் இடையில் ஐந்தாறு மில்லிமீற்றர் இடைவெளி இருக்குமாறு ஒரு சிறு குச்சியைச் செருகி, மேலே றப்பர் வளையம் போட்டுவிடுங்கள். உள்ளே வெளிர்ச் சதை தெரியும், சாறு மெல்லக் கசியும். பாறையில் மீன் உலாவும் பக்கமாக, வாய்ப்புறம் மேல்நோக்கி வையுங்கள். விலகிப் போய் இருங்கள். கண்ணாடிக்கு முன் மனித உருவம் நின்றால் புதிய மீன் வராது. முதலில் ஒரு கண்ணைச் சாய்த்துப் பார்க்கும், பின்வாங்கும், திரும்ப வரும். மூக்கை உள்ளே விட்டு ஒரு முறை இழுத்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. இரண்டு மணி நேரத்தில் மட்டியை வெளியே எடுத்துவிடுங்கள். வெக்கையில் மூன்றாவது மணியில் அது நாறத் தொடங்கும்.

மூன்று நாள் தொடர்ந்து தின்ற பிறகு, அதே ஓட்டை வழித்தெடுத்து, பாதி மட்டிச் சதை, பாதி நறுக்கிய இறாலும் மைசிஸும் (உறையவைத்து விற்கும், சிறு இறால் போன்ற உயிர்) என்று அழுத்தி வையுங்கள். ஓடு அதேதான், உள்ளே இருப்பது மட்டும் மாறுகிறது. ஒரு வாரத்தில் மட்டி இல்லாமலே தின்னும். அடுத்து ஓட்டுக்கு மேலே நீண்ட குழாயால் மைசிஸை மெல்ல விடுங்கள். சிந்துவதைக் கொத்தத் தொடங்கும். அதற்குப் பிறகுதான் பிரதான தொட்டி. அவசரப்பட்டு ஓட்டை இரண்டாம் நாளே எடுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொட்டியில் களைபோல் பரவும் அயிப்டேசியா என்ற சிறு கடல் அனிமோனைத் தின்னுமென்று இதை வாங்குவோர் உண்டு. சில தின்னும், சில தொடாது. தொட்டியில் அயிப்டேசியா இருப்பதை மட்டும் நம்பி வாங்குவது மீனுக்குச் செய்யும் அநியாயம்.

மாண்டரினின் சிக்கல் வேறு. அதற்குக் கல்லில் வாழும் கோபிபொட் என்ற நுண்ணிய ஓட்டுயிர் தெரியும், விடிந்ததிலிருந்து இருட்டும் வரை கல்லைக் கொத்திக்கொண்டே திரியும். ஒரு நேரம் நிறையப் போட்டு மறு நேரம் விடுகிற முறை இதற்குச் சரிவராது. ஆறு மாதத்துக்குக் குறைந்த தொட்டியில், 200 லீற்றருக்குக் குறைந்த இடத்தில் விடவே வேண்டாம். அதே இரையைத் தின்னும் சிக்ஸ்லைன் றாஸ் இருக்கிற தொட்டியிலும் வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் டோர்ச் அடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகளாகத் துள்ளும் உயிர்கள் எங்கு பார்த்தாலும் தெரிந்தால் வாங்கலாம். தேடித்தான் காணவேண்டியிருந்தால் இன்னும் காலம் வரவில்லை. சம்ப்பில் (வடிகட்டிக் கருவிகள் வைக்கும் துணைத் தொட்டியில்) 40 லீற்றர் அளவு இடம் ஒதுக்கி, கீட்டோமோர்பா பாசி போட்டு, இரவில் அதற்கு விளக்கு எரியவிடுங்கள். கோபிபொட்டுக்கு அது பாதுகாப்பான நாற்றங்கால்.

கூடவே உறைந்த இரைக்கும் பழக்கப் பாருங்கள். நான்கு சென்ரிமீற்றர் வாயுள்ள கண்ணாடிச் சாடியை மணலில் சரித்துக் கிடத்தி, பம்பை 20 நிமிடம் நிறுத்தி, நீண்ட குழாயால் சாடிக்குள் ஆர்டீமியாக் குஞ்சை விடுங்கள். மாண்டரின் மணலில் ஊர்ந்து உள்ளே போகும். கோமாளி மீன் உள்ளே போகத் தயங்கும். இரண்டு வாரத்துக்குப் பிறகு குஞ்சோடு மீன் சினையையும் நறுக்கிய மைசிஸையும் சிறிது சிறிதாகக் கலக்கலாம். எல்லா மாண்டரினும் பழகாது. பண்ணையில் பொரித்து வளர்த்தது கிடைத்தால் கூடக் காசு கொடுத்தும் அதையே வாங்குங்கள், குறுணி உணவே தின்னும்.

லெப்பர்ட் றாஸ் வந்த அன்று மணலுக்குள் புதைந்து மூன்று நான்கு நாள் காணாமல் போகும். செத்துவிட்டதென்று மணலைக் கிளறாதீர்கள், கிளறினால்தான் சாகும். ஐந்து சென்ரிமீற்றராவது நுண்மணல் இருக்க வேண்டும். கரடுமுரடான பவளக் கற்றுண்டில் புதைந்தால் தாடை கிழியும். வெளியே வரும் நேரம் முதலில் கண்டபடி இருக்கும், நள்ளிரவில்கூட வரலாம். வெளியே தெரியும் நேரமெல்லாம் சிறிது குஞ்சு ஆர்டீமியா கொடுங்கள்.

டாங் வகைக்கு இறைச்சி இரண்டாம்பட்சம். நம் சுற்றுக்கடலில் உள்ள பவுடர் புளூ டாங் பகல் முழுக்கப் பாசி மேய்கிற மீன். நோரித் தாளை (உலர்த்திய கடற்பாசித் தாள்) கண்ணாடியின் மேல்விளிம்பில் மாட்டினால் புதிய மீன் அவ்வளவு உயரம் வராது. தட்டைக் கல்லில் றப்பர் வளையத்தால் கட்டி அடியில் வையுங்கள், கல்லில் முளைத்த பாசியென்று மேயும். மூன்று நாளைக்கொரு முறை கல்லைச் சற்று உயரத்துக்கு நகர்த்துங்கள். நோரி கிளிநொச்சியில் தேடித்தான் எடுக்க வேண்டும், உப்பும் எண்ணெயும் தடவாத வெறும் தாளாக இருக்கட்டும். கரையில் கல்லில் முளைக்கும் மெல்லிய பச்சைப் பாசியை அலசி, உறையவைத்தும் கொடுக்கலாம். வலைப்பாட்டுப் பக்கம் வளர்க்கும் கடற்பாசி தடிப்பானது. பழகிய டாங் கடிக்கும், புதியதற்கு ஆகாது. கீரையும் லெற்றூஸும் வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது.

அந்தியாஸ் நடுத் தண்ணீரில் நின்று நீரோட்டத்தில் வருவதைப் பொறுக்குகிற மீன். ஒரு நாளைக்கு நான்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் மிகக் கொஞ்சம். பம்பை நிறுத்தாதீர்கள், இரை அசைந்து வர வேண்டும். வேலைக்குப் போகிறவர் வீட்டில் பகலில் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் இந்த மீனை விட்டுவிடுவதே நல்லது.

எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வாங்கக்கூடாத மீன்களும் உண்டு. மெயர் வண்ணத்துப்பூச்சி மீன், மெலன் வண்ணத்துப்பூச்சி மீன் இரண்டும் நம் பகுதிக் கடலிலேயே உள்ளவை. பவளப் பூச்சிகளைத் தவிர வேறொன்றும் தின்னத் தெரியாதவை. அவற்றுக்குப் போடவென்று கடலில் பவளத்தைப் பெயர்ப்பது சட்டப்படி குற்றம். மூரிஷ் ஐடலையும் இந்தப் பட்டியலில்தான் வைப்பேன். சில மாதம் தின்றுவிட்டுத் திடீரென நிறுத்திக்கொள்ளும்.

பழகிய மீனுக்கு வீட்டிலேயே இரை செய்யலாம், முல்லைத்தீவில் வள்ளம் வரும் நேரம் கரையில் நின்றால் பொருள் எல்லாம் கிடைக்கும். உரித்து நரம்பெடுத்த இறால் 200 கிராம், மட்டிச் சதை 100, கணவாய் 100, மீன் சினை 50. கறுக்காமல் இருக்க மருந்து போட்ட இறால் வேண்டாம், ஆகவே கடையை விடக் கரை நல்லது. சூடை, சாளை சேர்க்காதீர்கள், எண்ணெய் தண்ணீரில் படலம் போடும். மிக்ஸியில் விட்டு விட்டு அடித்து இரண்டு மூன்று மில்லிமீற்றர் துண்டாக்குங்கள். கூழாகிவிட்டால் பாதி தண்ணீரைக் கலக்கத்தான் போகும். 10 கிராம் ஜெலற்றினை 60 மில்லிலீற்றர் சுடுநீரில் கரைத்து, ஆறிய பின் கடல் மீனுக்கான விட்டமின் திரவத்தோடு இரைத் துண்டுகளில் கலந்து, பையில் மூன்று மில்லிமீற்றர் தடிப்பாகப் பரப்பி உறையவையுங்கள். விட்டமினை விடக்கூடாது. பச்சை மட்டியிலும் சில வகை இறாலிலும் விட்டமின் பி1ஐச் சிதைக்கும் நொதி உண்டு, மாதக்கணக்கில் அதுவே உணவானால் மீன் தளர்ந்துவிடும். தொட்டியில் கிளீனர் இறால் வைத்திருப்போர் பண்ணை இறாலைப் பச்சையாகப் போட வேண்டாம். இறாலுக்கு வரும் வெண்புள்ளி வைரஸ் (மீனின் வெண்புள்ளி வேறு) உறைநிலையிலும் சாகாது. மீனுக்கு ஒன்றும் செய்யாது, உங்கள் இறாலைக் கொன்றுவிடும்.

கொடுக்கும்போது ஒரு சென்ரிமீற்றர் துண்டை ஒரு கோப்பைத் தொட்டித் தண்ணீரில் கரைத்துத் தேயிலை வடியில் வடியுங்கள். அந்தக் கலங்கல் தண்ணீரிலும் பொஸ்பேற்று இருக்கிறது, அதைக் கொட்டிவிடுங்கள். உள்ளிச் சாறு தடவினால் தின்னுமென்பார்கள். ஏற்கனவே தின்னும் மீனை அது ஈர்க்கலாம். இரையை இரையென்று அறியாத மீனுக்கு அது உதவி செய்து நான் நம்பும் அளவுக்கு ஒன்றும் இல்லை.

நன்றாகத் தின்றும் மெலிகிறது, கழிவு வெள்ளை நூலாகத் தொங்குகிறது என்றால் பெரும்பாலும் குடலில் ஒட்டுண்ணி. 25 கிராம் இரைக்கு 250 மில்லிகிராம் மெற்றோனிடசோல் கலந்து, ஜெலற்றினில் பிடித்து, பத்து நாள் தனித் தொட்டியில் கொடுங்கள். நாடாப்புழுவென்றால் மருந்து பிரசிகுவான்டல், மெற்றோனிடசோல் அதற்குக் கேட்காது.

சித்திரை, வைகாசியில் தொட்டி 30 பாகையைத் தாண்டும். சூட்டில் மீனின் உடல் வேகமாக எரிக்கும், தண்ணீரில் ஒட்சிசன் குறையும். பட்டினி மீனுக்கு இரண்டும் சேர்ந்து வரும். காற்று நீர்மட்டத்தை உரசுமாறு ஒரு சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஆவியாகும் அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள், கிணற்றுத் தண்ணீர் அல்ல. நம் பக்கத்துக் கிணறுகள் வன்னீர். குடிதண்ணீர் நிலையத்து ஆர்.ஓ. தண்ணீரையும் டிடிஎஸ் மீற்றரால் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் கருவி) பார்த்தே வாங்குங்கள். கரண்ட் போன நேரம் இரை போடாதீர்கள். பற்றரிக் காற்றுப் பம்ப் ஓடினாலும் அது மூச்சுக்குத்தான் போதும், செரிமானத்துக்குப் போதாது.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு வீட்டார் எல்லோரும் கிளம்பும் நாட்களும் அதே வைகாசியில்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இரைப் பையை முழுதாகக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். ஐஸ் தட்டில் ஒரு குழிக்கு ஒரு நேர இரை என்று உறையவைத்து, குழிக்குக் குழி நாளை எழுதி ஒட்டுங்கள். மீன் தொடாவிட்டால் இன்னொன்று போடாமல் வடியால் அள்ளி எடுத்துவிடச் சொல்லுங்கள்.